தவமணி ரீச்சர் நிமிர்ந்து பார்த்த படம்

புதன்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு, வழக்கம்போல, உவர்மலையில் என் வீட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, லிங்கநகரில் இருக்கும் தவமணி ரீச்சரை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுமுனையில் எடுக்கத் தாமதமானால் நான்தான் எதையோ பிழையாக அழுத்திவிட்டேன் என்று நினைப்பது என் சுபாவம். நிறுத்திவிட்டு, பெயரைச் சரிபார்த்து, மறுபடியும் அழைத்தேன். இந்த முறை எடுபட்டது. ஆனால் திரையில் தெரிந்தது ரீச்சரின் முகமல்ல, பக்கத்து வீட்டு ஃபரீதாவின் முகம்.

"மாஸ்டரா?" என்றார் அவர். "ரீச்சர் மோசம் போயிட்டா மாஸ்டர். காலைல நெஞ்சு நோகுதுன்னு சொன்னா. ஆசுபத்திரிக்குக் கொண்டு போய்ச் சேக்க முந்தியே முடிஞ்சிட்டு. பிள்ளைகளுக்குச் சொல்லணும், நம்பர் ஒண்டும் தெரியா. இதத் திறந்து வெச்சிட்டு நிக்கிறன், அதுக்குள்ள நீங்க எடுத்தீங்க."

அவருக்குப் பின்னால் ரீச்சரின் கூடம் தெரிந்தது. யாரோ கதிரைகளை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரில், பிள்ளைகளின் அந்தச் சட்டமிட்ட படம் தொங்கியது. என் வாயிலிருந்து வந்தது, நான் வாரா வாரம் ரீச்சருக்குச் சொல்லிவந்த அதே வகையான வார்த்தைகள்தான். "பிள்ளை, இடப்பக்கத்திலை மேலை பாருங்கோ. வாசுகி எண்டு பேர் இருக்கும். அதிலை ஒருக்கா அமத்துங்கோ. அவதான் மூத்தவ." அவர் அழுத்துவதற்கு வசதியாக நான் அழைப்பைத் துண்டித்தேன். இப்படித்தான் எனக்குச் செய்தி வந்தது.

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் முதற்பக்கத்தில் ஒரு படத்தைப் பார்த்திருப்பீர்கள். ரீச்சர் நேராகப் பார்த்து, பல் தெரியச் சிரிக்கிறார். மரண அறிவித்தலில் அதே படத்தைக் கண்ட பலரும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டார்கள். "ரீச்சர் படத்துக்கு நிக்கவே மாட்டாவே, இது எங்கை எடுத்தது?" என்றார்கள். அந்தப் படம் கிடைக்காமலே போயிருக்கலாம். பிள்ளைகளிடம் அம்மாவின் சிரித்த முகம் ஒன்றுகூட இல்லாமலே இந்த மலர் அச்சாகியிருக்கலாம். அது எப்படிக் கிடைத்தது என்று எழுதித் தரும்படி மகன் கபிலன் கேட்டார். ரீச்சரிடம் படித்துப் பெரிய இடங்களுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் எழுதுவது பொருத்தமா என்று எனக்கு இன்னும் ஐயம்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் சாட்சி நான் மட்டுமே என்பதால் ஒப்புக்கொண்டேன்.

நாங்கள் இருவரும் ஒரே பாடசாலையில் நீண்ட காலம் படிப்பித்தோம். அவர் புவியியல், நான் வரலாறு. அடுத்தடுத்த வகுப்பறைகளாக இருந்ததால், அவருடைய குரல் என் பாடத்துக்குள் அடிக்கடி வந்து போகும். கரும்பலகையில் நமது துறைமுகத்தின் கரையோரத்தைப் புத்தகம் பாராமல் ஒரே கோட்டில் வரைவார். கோடு சீனன்குடாவைச் சுற்றி வளையும்போது வகுப்பைப் பார்த்து, "இதுக்குள்ள உலகத்துக் கப்பல் எல்லாம் நிக்கலாம், ஆனா உங்கட கொப்பியிலை ஒரு வரைபடம் நிக்குதில்லை" என்பார். பிள்ளைகள் சிரிப்பது என் வகுப்புக்கும் கேட்கும். என் வகுப்பில் யாரும் அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. ஆசிரியர் அறையிலும் நான் அவருடன் அதிகம் பேசியதில்லை. என்னால் அவருடைய வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. ஓய்வு பெற்ற பின் கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் கண்டு தலையாட்டிக்கொள்வதோடு சரி.

ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். "மாஸ்டர், நீங்கள் லப்டொப் பாவிக்கிறியள் எண்டு கேள்விப்பட்டன். எதையும் வாசிச்சு விளங்காமல் தொடமாட்டியள் எண்டும் தெரியும். என்ர படங்களைக் காணேல்லை. ஒருக்கா வந்து பாப்பியளே?"

போனேன். கனடாவிலிருந்து மூத்த மகள் வாசுகி அனுப்பிய மடிக்கணினி. இலண்டனில் கபிலன், மெல்பேர்னில் இளையவள் தர்சினி. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகள் திரையில் வருவார்கள். அவர்கள் வரும்போதெல்லாம் ரீச்சர் அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்தாராம். தர்சினிக்குப் பெண் குழந்தை பிறந்த நாளிலிருந்து ஒரு வாரமும் விடவில்லையாம். இப்போது அவற்றை எடுத்துப் பார்க்கலாம் என்று தேடினால் ஒன்றையும் காணவில்லை.

"எந்தக் கட்டையை அமத்தினீங்கள், ரீச்சர்?"

"இதுதான். பிரிண்ட் எண்டு போட்டிருக்கு. அமத்தினா படம் எடுபடும் எண்டு கபிலன் சொன்னவன்."

"அமத்தின பிறகு?"

"பிறகென்ன, பிள்ளையளோடை கதைச்சுக்கொண்டு இருந்தனான்."

எனக்கு விளங்கிவிட்டது. அந்த விசையைத் தனியாக அழுத்தினால் கணினி திரையைப் படம் எடுக்கும். ஆனால் எந்த இடத்திலும் சேர்த்து வைக்காது. கையில் பிடித்துக்கொண்டு நிற்கும். அதை ஓரிடத்தில் ஒட்டிச் சேமிப்பது நம் பொறுப்பு. ஒட்டாமல் அடுத்த படத்தை எடுத்தால், கையில் இருந்ததை விட்டுவிட்டுப் புதியதைப் பிடித்துக்கொள்ளும். இதை நான் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தபோது ரீச்சர் கேட்டார்: "அப்ப இவ்வளவு நாளும் நான் எடுத்ததெல்லாம்?"

"கடைசியா எடுத்தது மட்டும் இருக்கும், ரீச்சர்."

அதை ஒட்டிக் காட்டினேன். ரீச்சர் கணினியை அணைப்பதில்லை, மூடி மட்டும் வைப்பார். அதனால் அது மிஞ்சியிருந்தது. பேத்தி தாயின் தொலைபேசியைப் பறித்த வேளையில் எடுத்த படம் போலும். மெல்பேர்ன் வீட்டுக் கூரையும் ஒரு மின்விளக்கும், கீழ் விளிம்பில் குழந்தையின் நெற்றியில் கொஞ்சமும் தெரிந்தன. ரீச்சர் அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குற்றவாளியைப் போல இருந்தேன்.

"சரி," என்றார். "கூரையாவது மிஞ்சிச்சுதே."

பிறகு தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தானாகவே சொன்னார். கடல் ஊருக்குள் வந்த வருடம் அவர்கள் திருக்கடலூரில் இருந்தார்கள். கணவர் அதற்கு முதல் வருடமே நோயில் இறந்துவிட்டார். பிள்ளைகள் சின்னதுகளாக இருந்தபோது ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்று, ஐந்து பேரும் நிற்பது, கூடத்துச் சுவரில் தொங்கியது. அல்பங்கள் அலுமாரிக்குள் இருந்தன. தண்ணீர் வடிந்த பின் போய்ப் பார்த்தபோது சுவரே இல்லை. அலுமாரி இரண்டு வளவு தள்ளிக் கிடந்தது, கதவு திறந்தபடி.

"அவற்ர முகம் எனக்கு நினைவிருக்கு மாஸ்டர். கண்ணை மூடினா வரும். ஆனா அதைப் பிள்ளையளுக்கு எடுத்துக் காட்ட ஏலாதே."

லிங்கநகருக்கு வந்து இந்த வீட்டைக் கட்டியபோது, கூடத்துச் சுவரில் முதல் வேலையாக ஓர் ஆணி அடித்தாராம். மூன்று பிள்ளைகளும் ஒன்றாக நிற்கும் படம் ஒன்றை அதில் மாட்ட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆனால் ஒருவர் வந்தால் மற்றவர் வர முடியாது. ஒருவருக்கு விசா இல்லை, ஒருவருக்கு லீவு இல்லை, ஒருவருக்குப் பிரசவம். மூவரும் ஒரே கூரையின் கீழ் நிற்கும் நாள் தன் காலத்தில் வராது என்பது அவருக்கு விளங்கியிருந்தது. ஒரே திரையின் கீழாவது நிற்கட்டும் என்றுதான் படம் பிடிக்கத் தொடங்கியிருக்கிறார். அந்த ஆணியில் அன்று ஒரு நாட்காட்டி தொங்கியது.

அடுத்த புதன்கிழமை முதல் நாங்கள் பழகத் தொடங்கினோம். எடுத்த படம் தானாகவே சேமிக்கப்பட வேண்டுமானால், அவருடைய கணினியில் மூன்று விசைகளை ஒன்றாக அழுத்த வேண்டும். இரண்டு கீழ்வரிசையில் இடப்பக்கம், ஒன்று மேல்வரிசையில் வலப்பக்கம். வாதத்தால் அவருடைய விரல்கள் கோணியிருந்தன. எழுத்துகள் பொடியாக இருந்தன. மூன்றையும் கண்டுபிடித்துப் பிடிப்பதற்குள் பிள்ளைகள் அசைந்துவிடுவார்கள். மூன்று விசைகளின் பெயர்களையும் பெரிய எழுத்தில் எழுதி மேசையில் ஒட்டலாம் என்று நான் சொன்னேன். அவர் எழுந்து அறைக்குள் போய், மகள் எப்போதோ விட்டுச் சென்ற ஒட்டுப்பொட்டு மட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். மூன்று விசைகளிலும் ஒவ்வொரு சிவப்புப் பொட்டு ஒட்டினார்.

"நான் வைக்கிறதில்லை. இதுகளாவது வைச்சுக்கொண்டு இருக்கட்டும்," என்றார்.

நான் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் முற்றத்தைப் பார்த்தேன். அங்கே, நகருக்குள் திரியும் மான்களில் ஒன்று வந்து அவருடைய செவ்வரத்தைப் பூஞ்செடியைக் கடித்துக்கொண்டிருந்தது. அவர் "சூ, போ, ரவுணுக்குள்ள வேற வீடே இல்லையே உனக்கு" என்று அதை விரட்டப் போனார்.

சரியாக அழுத்திவிட்டால் திரை ஒரு கணம் மங்கி மீளும். அதை அவர் "கண் வெட்டுறது" என்பார். முதன்முதலில் அது சரிவந்த அன்று எனக்குத் தொலைபேசி எடுத்து, வணக்கம்கூடச் சொல்லாமல், "வெட்டிச்சுது மாஸ்டர்" என்றார். சமைத்துக்கொண்டிருந்த என் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னத்தை வெட்டினவவாம்?" என்று பயந்து கேட்டாள்.

தைப்பொங்கல் அன்று மூவரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். வாசுகி அங்கே விடியவே எழும்பிக் குளித்துச் சேலை கட்டியிருந்தாள். கபிலன் வேலைத்தலத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மூலையில் இருந்தார். தர்சினி தூங்கிப் போன குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். ரீச்சர் என்னையும் என் மனைவியையும் பொங்கலுக்கு அழைத்திருந்ததால் நாங்களும் அந்தக் கூடத்தில், கணினிக்கு அப்பால், கையில் பொங்கலுடன் இருந்தோம்.

"ஒருத்தரும் அசையாதேங்கோ," என்று வகுப்பறைக் குரலில் சொன்னார் ரீச்சர். "கபிலன், வாயிலை இருக்கிறதை விழுங்கு."

குனிந்தார். பொட்டுகளைத் தேடி விரல்களை வைத்தார். திரை கண் வெட்டியது.

படத்தைத் திறந்து பார்த்தபோது மூன்று பிள்ளைகளும் மிகத் தெளிவாக, சிரித்த முகத்துடன் இருந்தார்கள். நாலாவது கட்டத்தில் ரீச்சர் இருந்தார். அவருடைய முகம் இல்லை. நேர் வகிடும், அதன் இரு பக்கமும் வாரிய நரைமுடியும் மட்டுமே இருந்தன. அழுத்தும்போது குனிந்தவர் குனிந்தபடியே பதிவாகிவிட்டார்.

"அம்மா, உங்கட உச்சிதான் வந்திருக்கு," என்றாள் வாசுகி. "இன்னொருக்கா எடுங்கோ."

இன்னொரு முறையும் உச்சிதான் வந்தது. அதற்குள் கபிலனுக்கு வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

ரீச்சர் அந்தப் படத்தையே பெரிதாக்கிச் சட்டம் போடத் தீர்மானித்தார். ஸ்டூடியோவுக்கு நானும் கூடப் போனேன். அங்கிருந்தவர் திரையில் பார்த்துவிட்டு, "ரீச்சர், இதிலை உங்கட முகம் இல்லையே. வேற ஒண்டு இருந்தாத் தாங்கோவன்," என்றார்.

"எனக்கென்னத்துக்கு என்ர முகம்? அது எனக்குத் தெரியும்தானே. பிள்ளையளின்ர முகம் வடிவா வருமோ எண்டு மட்டும் பாருங்கோ."

அன்று பின்னேரமே நாட்காட்டியைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் படத்தை மாட்டினார். இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் நின்ற வேளைகள் குறைவு என்பதால் அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆனால் எனக்கு அந்த நாலாவது கட்டம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு வேலையை அரைகுறையாக விட்டதுபோல ஓர் உணர்வு. விசைகளைப் பார்க்காமலே, தடவி அழுத்தப் பழகினால் அவரும் நிமிர்ந்தபடி படத்தில் வரலாம் என்று யோசனை சொன்னேன். பிள்ளைகளின் நேரத்தை இதற்கு வீணாக்கக்கூடாது என்றார் அவர். ஆகவே புதன்கிழமைகளில் நான் என் வீட்டிலிருந்தும் அவர் தன் வீட்டிலிருந்தும் ஒருவரையொருவர் அழைத்துப் பழகினோம். அவர் முயன்ற ஒவ்வொரு முறையும் கண்கள் தாமாகவே கீழே போய்விடும்.

"ஏலாது மாஸ்டர். இது பாக்காமல் சோறு வடிக்கிற மாதிரி. எங்கை, நீங்கள் ஒருக்கா அமத்திக் காட்டுங்கோ பாப்பம்."

எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும், சொல்லிக்கொடுப்பவன் செய்து காட்ட வேண்டாமா என்று, நிமிர்ந்து அவரைப் பார்த்தபடியே விரல்களை நகர்த்தினேன். முதல் விசை அகப்பட்டது. இரண்டாவதும் அகப்பட்டது. மூன்றாவது அகப்படவில்லை. தேடினேன். பிழையான இடத்தில் கைவைத்துவிட்டேனோ என்ற பயம் வந்ததும் குனிந்தேன். நன்றாகவே குனிந்தேன் போலும், எனக்குப் பார்வையும் குறைவு. அந்த வேளையில்தான் மூன்றாவது விசை அகப்பட்டது. அழுத்திவிட்டேன்.

நிமிர்ந்தபோது ரீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர், திரை முழுக்க உங்கட மொட்டை. லைற் அடிச்ச மாதிரி."

எனக்கு வெட்கமாக இருந்தது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர்," என்றேன். எதற்கென்று தெரியவில்லை.

அவர் சிரிப்பை நிறுத்திச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். துடைத்த கை அப்படியே நின்றது. ஏதோ யோசித்தார்.

"மாஸ்டர், இப்பதான் விளங்குது. அதுகள் என்ர படத்திலையெல்லாம் ஏன் சிரிச்சுக்கொண்டு நிக்குதுகள் எண்டு."

"ஏன் ரீச்சர்?" என்று கேட்டேன்.

"மூண்டும் வாய் நிறையக் கதை வைச்சிருக்கும். ஒண்டுக்கு வேலையிலை கரைச்சல், ஒண்டுக்குப் புருசனோடை மனஸ்தாபம். கதைக்கேக்கை ஒண்டின்ர முகத்திலையும் சிரிப்பிராது. நான் படம் எண்டு சொல்லிக் குனிஞ்சு இந்தப் பொட்டுகளைத் தேடேக்கைதான் சிரிக்குதுகள். என்ர உச்சியைப் பாத்து." பிறகு சொன்னார்: "இனிப் பாக்காமல் அமத்திப் பழக வேண்டாம் மாஸ்டர். நான் குனிஞ்சே எடுக்கிறன்."

அதற்குப் பின்னும் புதன்கிழமை அழைப்பு நிற்கவில்லை. பழகுவதற்கு ஒன்றும் இல்லாததால் வேறு கதைகள் பேசினோம். குச்சவெளிப் பக்கம் மழை பெய்ததா, மீன் என்ன விலை, பழைய அதிபர் எப்படி இருக்கிறார். என் மனைவியும் சில நாட்களில் வந்து பக்கத்தில் இருப்பாள்.

குனிந்தபடி நான் அழுத்திய அன்று எடுபட்ட படம் என் கணினியில் சேமிக்கப்பட்டிருந்தது. அன்றைய அழைப்பை முடிக்குமுன் அதைக் கண்டு, "ரீச்சர், இதை அழிச்சுவிடட்டே?" என்று கேட்டேன். ஒரு பெண்ணின் படத்தை அவரைக் கேளாமல் எடுத்து வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

"ஏன், பேய் மாதிரியே இருக்கிறன்?"

"சேச்சே, இல்லை ரீச்சர்."

"அப்ப விடுங்கோ. அங்கை கிடக்கட்டும்."

கிடந்தது.

கபிலனால் மட்டுமே இறுதிக் கிரியைக்கு நேரத்தோடு வந்து சேர முடிந்தது. எரித்துவிட்டு வந்த மறுநாள், மரண அறிவித்தலுக்கும் இந்த மலருக்கும் அம்மாவின் படம் ஒன்று வேண்டும் என்றார். இருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்று. அதில் ரீச்சர் யாரையோ தண்டிக்கப் போகிறவர் போல முறைத்துக்கொண்டிருக்கிறார். அதை வாசுகிக்கு அனுப்பியபோது அவள் அங்கிருந்து அழுதுகொண்டே, "அது அம்மா இல்லை, வேற பாருங்கோ," என்றாள். பிள்ளைகள் வந்து போன காலங்களில் எடுத்த படங்களும் இருந்தன. அவற்றில் ரீச்சர் இல்லை. அவர்தான் எப்போதும் "நீங்கள் நில்லுங்கோ, நான் எடுக்கிறன்" என்று கருவியை வாங்கிக்கொள்கிறவர்.

"லப்டொப்பிலை இருக்கும் மாஸ்டர்," என்றார் கபிலன். "ஒவ்வொரு ஞாயிறும் அம்மா எடுத்தவதானே."

சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். ஒவ்வொன்றாகத் திறந்தோம். எல்லாவற்றிலும் பிள்ளைகள் சிரித்தார்கள். எல்லாவற்றிலும் நாலாவது கட்டத்தில் அதே நேர் வகிடு. பழைய படங்களில் நரைக்குள் கொஞ்சம் கருமை இருந்தது. போகப் போக அது குறைந்து, வகிடு அகன்று, கடைசிப் படங்களில் பஞ்சுபோல ஆகியிருந்தது. ஒரு தாயின் முதுமையை உச்சியில் மட்டும் பார்த்த பிள்ளை கபிலனாகத்தான் இருப்பார். சிறிது நேரத்தில் அவர் திறப்பதை நிறுத்திவிட்டார்.

"எங்களிலை ஒருத்தர் எடுத்திருக்கலாம் மாஸ்டர். எங்களுக்கு ஒரு விரல் அமத்துற வேலை. அம்மா எடுக்கிறாதானே எண்டு இருந்திட்டம். வாற ஞாயிறும் அம்மா இருப்பா எண்டு இருந்திட்டம்."

விசைப்பலகையில் மூன்று பொட்டுகளும் அப்படியே இருந்தன. விரல் பட்டுப் பட்டு ஒன்று வெளுத்திருந்தது. கபிலன் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதே நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் கணினியில் உங்கள் அம்மாவின் படம் ஒன்று இருக்கிறது என்பதை எப்படிச் சொல்வது, அவர் என்ன நினைப்பார், ஊர் என்ன கதைக்கும் என்று என் மனம் ஓடியது. வீட்டுக்கு வந்து படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். என் மனைவி பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"இதைக் குடுத்திட்டீங்களே?"

"இல்லை. எப்பிடிக் குடுக்கிறது எண்டு யோசிக்கிறன்."

"என்ன யோசனை? தாயின்ர முகம் இல்லாமல் அந்தப் பிள்ளை அங்கை இருக்கு. நீங்கள் இஞ்சை கதிரையிலை இருந்து யோசியுங்கோ." பிறகு கொஞ்சம் தணிந்து, "விடியக் கொண்டு போய்க் குடுங்கோ. உங்கட மொட்டையைப் பாத்து ஆரும் சந்தேகப்பட மாட்டினம்," என்றாள்.

விடியக் கொண்டுபோனேன். மேசையில் என் மடிக்கணினியை வைத்துத் திறந்து காட்டினேன். திரை நிறைய ரீச்சர் இருந்தார். தலை சற்றே சாய்ந்து, கண்கள் சுருங்கி, முன்பல் ஒன்று இல்லாத இடம்கூடத் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதிலை அம்மா நிமிர்ந்திருக்கிறா," என்றார் கபிலன். பிறகு, "எதைப் பாத்து மாஸ்டர் இப்பிடிச் சிரிக்கிறா?"

வலப்பக்க மூலையில் இருந்த சின்னக் கட்டத்தைக் காட்டினேன். அதில் ஒரு மொட்டைத் தலை மட்டும் இருந்தது.

"அது நான்தான். கட்டை தேடுறன்."

கபிலன் சிரித்தார். அவருடைய சிரிப்பிலும் ரீச்சரின் சாயல் இருந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். வந்து சேர்ந்த நாள் முதல் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன்.

படத்தை வாசுகிக்கும் தர்சினிக்கும் அனுப்பினார். உடனே இருவரும் திரையில் வந்தார்கள். தர்சினி மகளைத் தூக்கித் திரைக்குக் கிட்டக் காட்டி, "இதுதான் அம்மம்மாவின்ர முகம்," என்றாள். அந்தக் குழந்தை அதற்கு முன் அம்மம்மாவைத் திரையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறது. ஆனாலும் தாய் சொன்னதில் ஏதோ உண்மை இருந்தது.

அச்சகத்துக்கு அனுப்புமுன் கபிலன் சங்கடத்துடன் கேட்டார். "மாஸ்டர், மூலையை வெட்டட்டே? மலருக்கு..."

"வெட்டுங்கோ தம்பி. அவவின்ர முகம்தான் வேணும்."

அதைத்தான் நீங்கள் முதற்பக்கத்தில் பார்க்கிறீர்கள். நல்ல படம். அச்சிலும் தெளிவாக வந்திருக்கிறது. ரீச்சர் உங்களைப் பார்த்துச் சிரிப்பதாக நீங்கள் நினைத்தால் அதில் பிழையில்லை, அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்ந்த காலமெல்லாம் வகுப்பைப் பார்த்துச் சிரித்தவர்தான்.

என்னிடம் இருப்பது வெட்டாத படம். புதன்கிழமை நான்கு மணிக்கு இப்போதும் மேசைக்குப் போகிறேன். அழைப்பதற்கு ஒருவரும் இல்லை என்பதால் அதைத் திறந்து வைத்துக்கொண்டு சிறிது நேரம் இருக்கிறேன். மூலைக் கட்டத்தில் நான் குனிந்து மூன்றாவது விசையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். படத்துக்குள் அது எனக்கு இன்னும் அகப்படவில்லை. அகப்படும் வரைக்கும் ரீச்சர் சிரித்துக்கொண்டிருப்பார்.